தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துச் சரக்கு

ஆம்பூரில் தோல் கோடவுன் பார்க்கிறவர்களுக்குப் பழைய சரக்கு என்றாலே ஆகாது. பதனிட்டு, சாயம் ஏற்றி, பளபளவென்று ரேக்கில் ஏறிய தோல், ஷூவாகப் போகாமல் இரண்டு வருஷம் அங்கேயே கிடந்தால் அதற்குப் பிறகு அது தோல் இல்லை, இடைஞ்சல். அதைக் கட்டி, சென்னையில் கழிவுத் தோல் வாங்கும் பெரியமேட்டு வியாபாரிக்குத் தள்ளிவிட்டால்தான் புது லாட்டுக்கு இடம் கிடைக்கும். இருதயராஜ் இந்த வேலையிலேயே தலை நரைத்தவர். ரேக்கில் தொங்கும் சீட்டில் தேதியைப் பார்ப்பார், "தூக்கு" என்பார். அவ்வளவுதான். முதலாளியே வந்து கெஞ்சினாலும் இறங்கிய லாட் மறுபடி ஏறாது. இப்படிப்பட்ட மனுஷன் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

அந்தக் கம்ப்யூட்டர் மகள் ஜெமி படிக்கிறபோது வாங்கியது. அவள் கல்யாணமாகி மஸ்கட் போன பிறகு பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு கூடத்து மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தது. இரண்டாயிரத்து இரண்டில் அதை மறுபடி எழுப்பியது ஜெயபுஷ்பத்தின் தொண்டை.

ஜெயபுஷ்பம் இருதயராஜின் மனைவி. மூன்றாம் வகுப்பு டீச்சர். அவள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் வெளியே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் சேர்ந்து சொல்வார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அந்தத் தொண்டையில் ஒரு கட்டி. வேலூர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துப் பரிசோதித்தார்கள், பிறகு இரண்டு பேரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்கள். உயிருக்கு பயமில்லை, ஆனால் குரல்வளையை எடுத்தாக வேண்டும், பேச்சு போய்விடும். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருதயராஜ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள்தான் கண்டக்டரைக் கூப்பிட்டு டிக்கெட் வாங்கினாள்.

அன்று சாயங்காலமே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி அந்தக் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் பேசி வையேன், புஷ்பம். மைக்கு இருக்குதுல்ல."

"இன்னாத்த பேசறது? நான் இன்னா ரேடியோ ஸ்டேஷனா?"

"எதுனா பேசு. பாட்டு பாடு. என்னைத் திட்டு."

"திட்டறதுன்னா பேசறேன். ஆனா நீங்க எதிர்ல குந்திகினு இருந்தா எனக்கு வராது. நீங்க கோடவுனுக்குப் போனப்புறம்தான்."

சொன்னபடியே செய்தாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, அவர் கிளம்பியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். திரையில் இருக்கும் சிவப்புப் புள்ளியை அமுக்கினால் ஒரு நிமிஷம் பேசலாம், பிறகு அது தானாக நின்றுவிடும். மறுபடி அமுக்க வேண்டும். அவளுக்கு அதில் கோபம் வரும். "நான் பேசிகினே இருக்கேன், இது பாட்டுக்கு நின்னுபோச்சு, இன்னா மரியாதை இது" என்று சாயங்காலம் அவரிடம் புகார் சொல்வாள். என்ன பேசினாள் என்று மட்டும் சொல்ல மாட்டாள். அவரும் போட்டுக் கேட்கவில்லை. அடுக்களையிலிருந்து உயிரோடு குரல் வந்துகொண்டிருக்கும்போது பெட்டிக்குள் இருப்பதை எவன் கேட்பான்? அதற்கு வேறு நாள் வரும் என்று வைத்திருந்தார்.

நாள் வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஜெயபுஷ்பத்துக்குத் துணையாக அவள் தங்கை ஆஸ்பத்திரியில் தங்கினாள். இருதயராஜ் மாற்றுத்துணி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்கு வந்தார். கதவைத் திறந்தார். வீடு கப்சிப்பென்று இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் இப்படி ஒரு அமைதியை அவர் கேட்டதில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார்.

அது மெதுவாக எழுந்து, டிஸ்க்கில் இடமே இல்லை என்று சொல்லி, அவள் பேச்சைத் திறக்கப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது. திரும்பப் போட்டார். திரும்ப நின்றது. பேசிப் பேசி டிஸ்க்கை நிரப்பிவிட்டிருந்தாள் புண்ணியவதி.

இடம் இல்லையா? இடம் பண்ணுவதுதானே நம்ம தொழில் என்று இருதயராஜ் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். உள்ளே இருக்கிற ஃபைல்களையெல்லாம் தேதி வாரியாக ஒரே வரிசையில் நிறுத்த கம்பெனி ஆபீசில் யாரோ ஒரு சமயம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நிறுத்திப் பார்த்தார். அவருக்கே திகைப்பாக இருந்தது. புரியாத பேருள்ள ஆயிரக்கணக்கான ஃபைல்கள், எல்லாம் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துத் தேதி. வந்த நாளிலிருந்து ஒருத்தரும் கை வைக்கவில்லை. இத்தனை பழைய சரக்கை வைத்துக்கொண்டு இடமில்லை என்று அழுதால் இடம் எங்கிருந்து வரும்?

"தூக்கு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, அந்த வருஷத்தை அடியோடு தேர்ந்தெடுத்து டிலீட்டை அமுக்கினார். கம்ப்யூட்டர் கெஞ்சிப் பார்த்தது. இது சிஸ்டம் ஃபைல், எடுத்தால் ஓடாமல் போகலாம், எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டது. கோடவுனிலும் சூப்பர்வைசர்கள் இப்படித்தான் கேட்பார்கள், "சார், பிரவுன் கலர் சார், எப்பனா ஆர்டர் வரும் சார்" என்று. அதற்கெல்லாம் காது கொடுத்தால் கோடவுன் நடத்த முடியாது. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று ஒரு பொத்தான் இருந்தது, அதை அமுக்கினார். குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். டிஸ்க்கில் தாராளமாக இடம் கிடைத்தது. திருப்தியாக ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஒரு தடவை அணைத்துப் போட்டார்.

கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. கறுப்புத் திரையில் இந்த ஃபைலைக் காணோம், ஏதாவது ஒரு பொத்தானை அமுக்கு என்றது. அமுக்கினால் அடுத்த ஃபைலைக் காணோம் என்றது. அமுக்க அமுக்கக் காணோம் பட்டியல்தான் வந்தது.

பெட்டியை ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு பஜாரில் ஒரு கடைக்கு ஓடினார். கடைக்காரன் திரையைப் பார்த்த உடனே தீர்ப்பு சொல்லிவிட்டான். "ஃபார்மட் பண்ணி புதுசா போட்டுடலாம் சார். சிம்பிள்."

"உள்ள இருக்கறது?"

"எல்லாம் போயிடும். ஃபிரெஷ்ஷா ஆயிடும் சார்."

ஃபிரெஷ் என்ற வார்த்தையை இருதயராஜ் வாழ்நாளில் அவ்வளவு வெறுத்ததில்லை. பெட்டியைத் திரும்ப மடியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஜஹீருன்னிசாவுக்குப் போன் செய்தார்.

ஜஹீருன்னிசா ஜெமியோடு படித்தவள். இப்போது வீட்டு மாடியில் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறாள். ஒரு பையில் சி.டி., ஃபிளாப்பி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் போட்டுக்கொண்டு மத்தியானமே வந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அங்கிள், அது பழைய சரக்கு இல்ல. விண்டோஸ் செஞ்ச வருஷம் அது. வூட்டுக்கு அஸ்திவாரம் பழசா இருக்குதுன்னு பேத்து எடுத்துட்டீங்க."

"சரியாவுமா, ம்மா?"

"ஆவும், பேஜார் ஒண்ணும் இல்ல. ஃபார்மட்டும் வேணாம். காணாமப் போன ஃபைல் எல்லாம் இந்த சி.டி.ல இருக்குது. போட்டா கம்ப்யூட்டரே சரிபார்த்து எடுத்துக்கும். ஆன்ட்டி பேசினது தனியாதான இருக்கும், அதுக்கு ஒண்ணும் ஆகாது."

இருதயராஜுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எலுமிச்சை ஜூஸ் கலக்க உள்ளே போனார். ஜஹீருன்னிசா பெட்டியைப் போட்டாள். திரை பாதியில் நின்றது. எஃப் ஒன் பொத்தானை அமுக்கு என்று கேட்டது.

"அங்கிள், இது எப்பவுமே இப்படிக் கேக்குமா?"

"ஆமா ம்மா. எஃப் ஒன் அமுக்குனாத்தான் கிளம்பும். என் ஸ்கூட்டரு ரெண்டு உதை கேக்குதே, அந்த மாதிரி."

"எவ்ளோ நாளா?"

"ஜெமி கல்யாணத்துக்கு அப்புறமிருந்து இருக்கும்."

ஜஹீருன்னிசா அமுக்கினாள். திரையில் தேதி வந்தது: தொண்ணூற்றொன்பது, ஜனவரி ஒன்று. சி.டி.யைப் போடப் போன கையை அப்படியே இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்குது அங்கிள், தேதிய ஞாபகம் வெச்சிக்க. அது செத்துப்போய் ரொம்ப நாளாவுது. ஒவ்வொரு தடவை போடறப்பவும் இதுக்கு அதே ஜனவரிதான்." அவரைப் பார்க்காமல் சொன்னாள். "ஆன்ட்டி போன மாசம் பேசினதும் தொண்ணூத்தொன்பதுன்னுதான் பதிவாயிருக்கும்."

இருதயராஜ் கையில் ஜூஸ் டம்ளரோடு நின்றார். அவருக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. தேதிச் சீட்டு பார்த்தே பிழைத்தவர். சீட்டு தப்பு. சரக்கு புதுசு. அவர்தான் தூக்கு என்றார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். நாற்காலியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ஜஹீருன்னிசா டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள்.

"அங்கிள், கேளுங்க. தொட்டிய காலி பண்ணாலும் ஃபைல் உடனே அழிஞ்சிடாது. உங்க கோடவுன்ல சீட்ட மட்டும் கிழிச்சிட்டா சரக்கு எங்க போவும்? ரேக்குல அப்படியேதான இருக்கும்?"

"இருக்கும்."

"காலின்னு நெனச்சி எவனாவது அங்க வேற லாட்ட ஏத்துனாத்தான் போச்சு. இப்ப நான் இந்த சி.டி.ய போட்டிருந்தா அதான் நடந்திருக்கும். விண்டோஸ் ஃபைல் எல்லாம் ஆன்ட்டி குரல் மேல போய் குந்தியிருக்கும்." சி.டி.யைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். "இத ஆன் பண்ணாதீங்க. டிஸ்க்க நான் எடுத்துகினு போறேன். என் மிஷின்ல மாட்டி, சீட்டு இல்லாத சரக்க தேடற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்குது, அதுல பாக்கறேன். கெடைக்கறது கெடைக்கட்டும். அப்புறம்தான் ரிப்பேரு."

டிஸ்க்கைக் கழற்றி, இருதயராஜ் கொண்டுவந்து கொடுத்த மெத்தென்ற துண்டுத் தோலில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வேலூருக்குப் போகிற வழியெல்லாம் இதை ஜெயபுஷ்பத்திடம் சொல்வதா மறைப்பதா என்று இருதயராஜ் தவித்தார். மறைக்கலாம் என்று முடிவு செய்துதான் வார்டுக்குள் நுழைந்தார். மூக்கில் ஒரு குழாய், கழுத்துக் கட்டுக்குள் ஒரு குழாய், மடியில் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு. ஜெயபுஷ்பம் அவர் முகத்தைப் பார்த்தாள், உடனே சிலேட்டை எடுத்து எழுதினாள்: "இன்னா ஆச்சு?"

அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இடம் இல்லை என்றது, தேதி பார்த்தது, தூக்கு என்றது. "உன் குரல நானே எடுத்துப் போட்டுட்டேன், புஷ்பம். டாக்டரு எடுத்தது பத்தாதுன்னு மீதிய நான் எடுத்துட்டேன்."

ஜெயபுஷ்பம் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். அவளுக்கு வலித்தது, கண் நிறைந்ததை அவர் பார்த்தார். பேசியது அவ்வளவும் அவள் மகளுக்காக ஒவ்வொரு நிமிஷமாகச் சேர்த்தது. பிறகு பலப்பத்தை எடுத்து மெதுவாக, டீச்சர் கையெழுத்தில் எழுதி அவர் பக்கம் திருப்பினாள்.

"என்னையும் பெரியமேட்டுக்கு அனுப்பிட்டீங்களா?"

அவர் திகைத்துப்போய் நிமிர்ந்தார். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லாமல் சிரிக்கிறாள் என்று தெரிய அவருக்கு ஒரு வினாடி பிடித்தது. கழுத்துக் குழாயில் காற்று புஸ் புஸ்ஸென்று வந்தது. சிரிக்கக் கூடாது என்று நர்ஸ் வந்து அதட்டினாள். இருதயராஜ் மனைவியின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். இவளைக் கட்டிக்கொள்ள நான் எந்த ஜெபம் பண்ணினேன் என்று நினைத்துக்கொண்டார்.

ஜஹீருன்னிசா வகுப்புகளை ஒத்திவைத்துவிட்டு அந்த டிஸ்க்கோடு மல்லுக்கட்டினாள். கிடைத்தவற்றையெல்லாம் தன் மிஷினில் பத்திரப்படுத்திய பிறகுதான் ரிப்பேரில் இறங்கினாள். புது பேட்டரி போட்டாள், தேதியைச் சரி செய்தாள், ஃபிளாப்பியில் கிளப்பி, சி.டி.யிலிருந்து விண்டோஸை அதன் பழைய இடத்திலேயே ஏற்றினாள். பிறகும் இங்கே ஒன்று கெட்டிருக்கிறது, அங்கே ஒன்று குறைகிறது என்று கம்ப்யூட்டர் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் அது எஃப் ஒன் எதுவும் கேட்காமல் தானாகக் கிளம்பியது. இருதயராஜுக்கு அதுவே அதிசயமாக இருந்தது.

"ஆனா அங்கிள்," என்றாள், "ஆன்ட்டி பேசினதுல பாதிக்கு மேல கெடைக்கல. சுத்தம் பண்ணிட்டு நீங்க ஒரு தடவ ஆன் பண்ணீங்கல்ல, கடையில ஒரு தடவ, அதுலயே கொஞ்சம் போயிருக்கும். கெடைச்சதும் சிலது நடுவுல கெட்டுப்போயிருக்குது. பேரு எதுவும் இல்ல, எது இன்னான்னு கேட்டாத்தான் தெரியும். நான் முதல் வார்த்தை மட்டும் கேட்டேன், ஆன்ட்டி குரல்தானான்னு. மீதி உங்களுது."

ஜெயபுஷ்பம் வீட்டுக்கு வந்த வாரம், ஒரு சாயங்காலம், இருதயராஜ் கோடவுனிலிருந்து வந்த சட்டையோடே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். கழுத்துத் துளையை மறைத்து ஒரு வெள்ளைத்துணி கட்டியிருந்தாள். அவர் கை கூசியது. அவளே எட்டி மவுஸை அமுக்கினாள்.

முதலாவது வெறும் இரைச்சல். இரண்டாவது பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தைப் படிக்க ஆரம்பித்து மூன்றாவது வரியிலேயே அறுந்துபோனது. மூன்றாவது நன்றாக வந்தது. லேசாகக் கரகரத்த, ஆனால் அப்பட்டமாக அவள் குரல். கூடம் முழுக்க நிறைந்தது. இருதயராஜ் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஜெமி, இத நீ கேக்கறப்போ உங்கப்பா பக்கத்துல இருந்தா வெளிய அனுப்பிடு. கல்யாணம் ஆன புதுசுல எனக்கு உங்கப்பா சட்டையக் கண்டாலே ஆகாது. அவ்ளோ தோல் நாத்தம். தனி பக்கெட்டுல போட்டுத்தான் தொவைப்பேன். என்னப் போயி தோல்காரனுக்குக் குடுத்துட்டியேன்னு எங்கம்மாகிட்ட அழுதேன். அப்புறம் நீ பொறக்கறதுக்கு அம்மா வூட்டுக்குப் போனேன். அங்க எல்லாம் நல்லாத்தான் இருந்துது. ஆனா தூக்கம் வரல. இன்னா கொறையுதுன்னே தெரியல. உன்னைத் தூக்கிகினு திரும்பி வந்த அன்னிக்கி உங்கப்பா கோடவுன்ல இருக்கறாரு. கொடியில அந்தச் சட்டை தொங்குது. நான் நேரா போயி அத எடுத்து..."

கர்ரென்று ஒரு இரைச்சல். அதோடு முடிந்தது. இருதயராஜ் மறுபடி போட்டார். மறுபடியும் அதே இடத்தில் அறுந்தது. அந்த இடத்தில் விண்டோஸின் எந்தக் கழிசடை ஃபைல் ஏறி உட்கார்ந்திருக்கிறதோ, அதை அவர் மனசாரச் சபித்தார். பிறகு பக்கத்தில் திரும்பினார்.

"எடுத்து? எடுத்து இன்னா பண்ண, புஷ்பம்?"

சிலேட்டு மேஜைமேலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. அவர் போட்டிருந்த சட்டையின் கையைப் பிடித்து இழுத்தாள். முகத்தை அதில் புதைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அப்படியே இருந்தாள்.

"நாத்தம் அடிக்குதாடி?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் உறைத்தது. இனி மூச்சு கழுத்து வழியாகத்தான் போகும், மூக்குக்கு வேலை இருக்காது, மல்லிகைப்பூவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாது என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லியிருந்தார். இருதயராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஜெயபுஷ்பம் தலையை நிமிர்த்தினாள். ஒரு கையால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு, தாங்க முடியவில்லை என்பதுபோல முகத்தைச் சுளித்து, அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கண் மட்டும் சிரித்தது.

அது பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

"சரி, சரி. போயி மாத்திகினு வர்றேன்," என்று எழுந்தார்.

அவள் சட்டையை விடவில்லை.